நகராட்சி வேலையில் விபத்து: இழப்பீட்டை விட அதிகமாகச் செலவு வைப்பது எது?

வழக்கமா நாம மியூச்சுவல் ஃபண்ட், வருமான வரி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு சப்ஜெக்ட் கொஞ்சம் வேற. ஆனா இதுவும் உங்க பணம்தான். நீங்க கட்டுற வீட்டு வரியும் தண்ணீர் வரியும் எங்கே கசியுதுன்னு பார்க்கப் போறோம்.

திண்டுக்கல் 2014-ல மாநகராட்சி ஆச்சு. சுற்றி பழனி, ஒட்டன்சத்திரம்னு நகராட்சிகள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டி, வேடசந்தூர், நத்தம்னு பேரூராட்சிகள். அதுக்கும் கீழே நூற்றுக்கணக்கில் கிராம ஊராட்சிகள். இங்கெல்லாம் குப்பை லாரியில் லோடு ஏத்துறவங்க, டேங்க் ஆப்பரேட்டர்கள், தெருவிளக்கு மாத்துறவங்க, சாக்கடை அடைப்பு எடுக்கிறவங்கன்னு தினமும் உடம்பை வச்சு வேலை பார்க்கிற ஒரு பெரிய கூட்டம் இருக்கு. இவங்கள்ல நிறைய பேர் காண்ட்ராக்ட் முறையில்தான் வேலை பார்க்கிறாங்க.

இவங்களுக்கு விபத்து நடந்தா என்ன ஆகும்? "இழப்பீடு கொடுக்கணும், அவ்வளவுதானே" என்று தோணும். அது செலவின் ஒரு பகுதிதான். பல ஃபைல்களில் இழப்பீட்டுத் தொகைக்குச் சமமா இன்னொரு தொகை பின்னாலேயே வருது. அந்த இரண்டாவது தொகை பட்ஜெட்டில் இருக்காது, இன்சூரன்ஸிலும் முழுசா வராது, அந்தக் குடும்பத்துக்கும் வேண்டிய நேரத்தில் போய்ச் சேராது. அதுக்கு ஒரே பெயர்தான்: தாமதம்.

இந்தக் கட்டுரை மூணு பேருக்கு உபயோகமா இருக்கும். ஒண்ணு, உள்ளாட்சியில் பில் பாஸ் பண்ற அலுவலர்கள், தலைவர்கள், கவுன்சிலர்கள். ரெண்டு, மேன்பவர் காண்ட்ராக்ட் எடுக்கிறவங்க. மூணு, அந்த வேலைக்குப் போறவங்க குடும்பம்.

முதல்ல, இது அரசு அமைப்புக்குப் பொருந்துமா?

"நாங்க கம்பெனி இல்லையே, பேரூராட்சி. இந்தச் சட்டம் ஃபேக்டரிக்குத்தானே?" இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். பதில்: பொருந்தும்.

பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. அதன் 2(2) பிரிவு என்ன சொல்லுதுன்னா, உள்ளாட்சி அமைப்போ அரசுத் துறையோ தன் கடமைகளைச் செய்வதே இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அதனுடைய "தொழில் அல்லது வணிகம்" என்று எடுத்துக்கணும். அதாவது குப்பை அள்ளுவதும், தண்ணீர் விடுவதும், சாலை போடுவதும் பேரூராட்சியின் "பிசினஸ்".

இது ஏன் முக்கியம்? 12-வது பிரிவுக்காக. உங்க தொழிலுக்குரிய வேலையை ஒரு காண்ட்ராக்டர் மூலமா செஞ்சா, அந்தக் காண்ட்ராக்டரின் ஆளுக்கு விபத்து நடந்தாலும் முதன்மை வேலையளிப்பவரான நீங்களும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பிறகு காண்ட்ராக்டர்கிட்ட இருந்து அதைத் திரும்ப வசூல் பண்ணிக்கலாம். ஆனா தொழிலாளி உங்க கதவைத் தட்டும்போது "காண்ட்ராக்டரைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பி வைக்க முடியாது.

ஒரு விஷயம் கவனிக்கணும். எல்லா வேலைக்கும் இந்தச் சட்டம் வராது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் வேலையா இருக்கணும். லாரி, டிராக்டர் போன்ற வண்டி ஓட்டுவது, அதில் லோடு ஏத்தி இறக்குவது, மின் வேலை, கட்டட வேலை, சாலை வேலை எல்லாம் அதில் இருக்கு. உள்ளாட்சி எல்லைக்குள் பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் பண்ற வேலை தனியாவே குறிப்பிடப்பட்டிருக்கு.

அடிப்படைக் கணக்கு: பேனா எடுத்துக்கோங்க

சூத்திரம் ரொம்பச் சுலபம்.

- மரணம்: மாதச் சம்பளத்தில் 50% × வயதுக்குரிய காரணி. குறைந்தது ரூ.1,20,000.
- நிரந்தர முழு ஊனம்: மாதச் சம்பளத்தில் 60% × காரணி. குறைந்தது ரூ.1,40,000.
- நிரந்தரப் பகுதி ஊனம்: முழு ஊனத் தொகையில், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போச்சோ அத்தனை சதவீதம்.
- தற்காலிக ஊனம்: சம்பளத்தில் 25%, அரை மாதத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 5 வருடம்.

இதுபோக, வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு தனி.

2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு மாதம் ரூ.15,000. அதுக்கு முன்னாடி ரூ.8,000-ஆ இருந்தது. சம்பளம் ரூ.16,000 என்றாலும் ரூ.15,000 வச்சுத்தான் கணக்கு.

காரணி வயதைப் பொறுத்தது. 25 வயசுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09, 60-க்கு 117.41. வயசு குறைவா இருந்தா காரணி அதிகம், ஏன்னா இழந்த சம்பாத்திய வருஷம் அதிகம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரு பேரூராட்சி, 7 ஆட்கள் வச்சிருக்கும் சின்ன காண்ட்ராக்டர்கிட்ட குப்பை லாரி வேலையைக் கொடுத்திருக்கு. இஎஸ்ஐ பதிவு கிடையாது. லோடு ஏத்துற ஒருத்தர், 40 வயது, மாதம் ரூ.16,000 சம்பளம். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது நடந்த விபத்தில் இறந்துடுறார்.

ரூ.7,500 × 184.17 = ரூ.13,81,275.

இதுதான் எல்லாருக்கும் தெரியும் செலவு. இனி தெரியாத செலவுகளை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மறைந்த செலவு 1: மீட்டர் விபத்தன்னைக்கே ஓட ஆரம்பிக்குது

சட்டத்தின் 4-ஏ பிரிவுப்படி, இழப்பீடு எப்போ கொடுக்க வேண்டியதாகுதோ அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கலைன்னா வருஷத்துக்கு 12% தனி வட்டி.

"எப்போ கொடுக்க வேண்டியதாகுது?" என்பதில்தான் பல அலுவலகங்கள் தப்புக் கணக்கு போடுது. "ஆணையர் உத்தரவு வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று ஃபைலை ஓரமா வச்சிடுறாங்க. உச்ச நீதிமன்றம் இதை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே தீர்த்து வச்சிருக்கு. ஒரு தியேட்டரில் அலங்கார மரவேலை பார்த்துக்கிட்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அந்த வழக்குதான் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீனிவாச சபாதா, 1976-ல் தொகுப்பில் வெளிவந்த தீர்ப்பு. இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு விபத்து நடந்த அன்னைக்கே வந்துடுது, ஆணையர் உத்தரவு போட்ட அன்னைக்கு இல்லை என்று அதில் சொல்லிட்டாங்க. 2012-ல் ஷிபி ஜார்ஜ் வழக்கிலும் அதையே உறுதி செஞ்சாங்க.

நம்ம உதாரணத்துக்கு வருவோம். ரூ.13,81,275-க்கு 12% என்றால் வருஷத்துக்கு ரூ.1,65,753. மாதம் ரூ.13,800-க்கு மேல. ஒரு நாளைக்கு ரூ.454. தீர்மானம் போட அடுத்த கூட்டம் வரட்டும்னு ஒரு மாதம் தள்ளினா, அந்தத் தள்ளலின் விலை ரூ.13,800.

வழக்கு 4 வருஷம் இழுத்தா வட்டி மட்டும் ரூ.6,63,012.

இந்தத் தொகையை ஞாபகம் வச்சுக்கோங்க. இதே 40 வயசு, இதே சம்பளத்தில் ஒருத்தர் வேலையில் ஒரு கண்ணை இழந்தா (மற்ற கண் நல்லா இருந்தா), அட்டவணைப்படி 40% ஊனம். ரூ.9,000 × 184.17 × 40% = ரூ.6,63,012. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. 4 வருஷம் ஃபைலைத் தூங்க விட்டதுக்கு ஒரு பேரூராட்சி கட்டும் வட்டி, ஒரு மனுஷனின் ஒரு கண்ணுக்குச் சட்டம் போட்டிருக்கும் விலை.

மறைந்த செலவு 2: இன்சூரன்ஸ் கட்டாத அபராதம்

தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லைன்னு ஆணையர் நினைச்சா, இழப்பீட்டில் 50% வரைக்கும் அபராதம் போடலாம். நம்ம உதாரணத்தில் அதிகபட்சம் ரூ.6,90,637.

"எங்ககிட்டதான் பாலிசி இருக்கே" என்பீங்க. 1997-ல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாகனக் காப்பீடு வழியா வரும் தொழிலாளர் இழப்பீட்டில் அசலையும் வட்டியையும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டணும், ஆனா அபராதம் வேலையளிப்பவரின் சொந்தத் தவறுக்கானது, அதை அவரேதான் கட்டணும். பிறகு 2006-ல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில், பாலிசி ஒப்பந்தத்திலேயே வட்டியைக் கழிச்சு எழுதியிருந்தா அந்த வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் வராதுன்னு சொல்லிட்டாங்க.

கூட்டிப் பாருங்க:

- அசல்: ரூ.13,81,275
- 4 வருஷ வட்டி: ரூ.6,63,012
- அதிகபட்ச அபராதம்: ரூ.6,90,637
- மொத்தம்: ரூ.27,34,924

ஏறக்குறைய ரெட்டிப்பு. முதல் மாசமே கட்டியிருந்தா பாதிதான். இதில் வக்கீல் ஃபீஸ், அலுவலர்கள் விசாரணைக்குப் போய்வந்த நாட்கள் எதுவும் சேரலை.

மறைந்த செலவு 3: கையில் கொடுத்த பணம் கணக்கில் வராது

நம்ம ஊரில் மரணம் நடந்தா என்ன பண்ணுவாங்க? ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்து பேசுவாங்க. காண்ட்ராக்டர் மூணு லட்சமோ நாலு லட்சமோ குடும்பத்துக்கிட்ட கொடுப்பார். "இனிமேல் எதுவும் கேட்க மாட்டோம்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்குவாங்க. பிரச்னை முடிஞ்சுதுன்னு எல்லாரும் கலைஞ்சு போவாங்க.

சட்டப்படி பிரச்னை முடியலை. 8-வது பிரிவுப்படி மரண இழப்பீட்டை ஆணையரிடம் டெபாசிட் பண்ணித்தான் கொடுக்கணும். நேரா குடும்பத்துக்குக் கொடுத்தா அது இழப்பீடாவே கருதப்படாது. ஒரே ஒரு விலக்கு: மூணு மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமா கொடுக்கலாம், அதைக் கழிச்சுக்குவாங்க. அதுக்கு மேலே கொடுத்தது அன்புக்குக் கொடுத்த மாதிரிதான். 17-வது பிரிவுப்படி, உரிமையை விட்டுக் கொடுத்து எழுதிக் கொடுத்த அந்தப் பேப்பரும் செல்லாது. குடும்பம் ரெண்டு வருஷத்துக்குள் மனு போட்டா, முழுத் தொகையும் திரும்பக் கட்டணும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காயம்பட்டவர் ஒரு பெண் என்றால், அவர் உயிரோட இருந்தாலும், மொத்தத் தொகையா கொடுக்கும் இழப்பீட்டை ஆணையர் வழியாத்தான் கொடுக்கணும். தூய்மைப் பணியில் எத்தனை அக்காமார் இருக்காங்கன்னு யோசிச்சா இதோட அளவு புரியும்.

மறைந்த செலவு 4: காண்ட்ராக்டர் கிளம்பிப் போன பிறகு

காண்ட்ராக்டர்கிட்ட திரும்ப வசூல் பண்ற உரிமை சட்டத்தில் இருக்கு. ஆனா விசாரணை முடியும்போது காண்ட்ராக்ட் முடிஞ்சு, செக்யூரிட்டி டெபாசிட்டும் திருப்பிக் கொடுத்து, அவர் வேற ஊரில் வேற பேரில் டெண்டர் போட்டுக்கிட்டிருப்பார். உரிமை காகிதத்தில் இருக்கும், பணம் உங்க ஃபண்டில் இருந்து போயிருக்கும்.

இதுக்கு மருந்து டெண்டர் ஸ்டேஜிலேயே இருக்கு:

- விபத்துக் கேஸ் நிலுவையில் இருக்கும்வரை செக்யூரிட்டி டெபாசிட்டில் இருந்து அந்தத் தொகையை நிறுத்தி வைக்கலாம்னு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து.
- இஎஸ்ஐ அல்லது பணியாளர் இழப்பீட்டு பாலிசி இல்லாம வேலை ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்து.
- மாத பில்லோட ஆட்களின் பெயர்ப் பட்டியல், சம்பளம் பேங்கில் போட்ட ஸ்டேட்மென்ட், இஎஸ்ஐ சலான் இணைக்கலைன்னா பில் பாஸ் ஆகாதுன்னு ஒரு ஷரத்து.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்ட்ரோல். ஏன்னா இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. வவுச்சர் சரிபார்க்கும் கிளார்க் ரெண்டு நிமிஷம் கூடுதலா பார்த்தா போதும்.

மறைந்த செலவு 5: பாலிசியில் இருக்கும் ஓட்டைகள்

பாலிசி எடுத்திருக்காங்க. ஆனா பிரீமியத்தைக் குறைக்க 20 பேர் வேலை பார்க்கிற இடத்தில் 12 பேர்னு எழுதியிருக்காங்க. சம்பளத்தைக் குறைச்சுக் காட்டியிருக்காங்க. லாரியில் போறவரைப் "பொது உதவியாளர்"னு போட்டிருக்காங்க. கிளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பார்க்கிறது இதைத்தான். பிரீமியத்தில் மிச்சம் பிடிச்ச சில ஆயிரத்துக்காக பல லட்சம் கைவிட்டுப் போகும்.

பாலிசி வாங்கும்போது நாலு கேள்வி கேளுங்க: மருத்துவச் செலவு சேர்ந்திருக்கா, இல்லை தனியா சேர்க்கணுமா? சப்-காண்ட்ராக்டர் ஆட்களும் வர்றாங்களா? வட்டி விலக்கப்பட்டிருக்கா? நடுவில் சேர்ந்த ஆட்களை எப்படி அறிவிக்கணும்?

மறைந்த செலவு 6: பாதி வைத்தியம்

விரலில் அடி. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாச்சு. ரெண்டாவது நாளே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. சாக்கடைத் தண்ணியில் நனைஞ்சு சீழ் வச்சு, கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாச்சு. ஒரு வார லீவில் முடிஞ்சிருக்க வேண்டியது, நிரந்தர ஊனமா மாறிடும்.

கணக்கைப் பாருங்க. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ரூ.3,750. (28 நாளுக்குக் குறைவா இருந்தா முதல் மூணு நாளுக்குக் கிடையாது, அதுக்கு மேல போனா முதல் நாளில் இருந்தே உண்டு.) ஒரு மாதம் முழுசா வீட்டில் இருந்தாலும் ரூ.7,500, கூட வைத்தியச் செலவு. அதுவே ஒரு கையில் கட்டை விரலை இழந்தா 30% ஊனம்: 40 வயசுக்கு ரூ.4,97,259. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த ஆளுக்கு. இனி அவர் சாவித் துவாரத்தில் சாவி போடவே சிரமப்படுவார்.

அதனால சீக்கிரம் நல்ல வைத்தியம், ஆறும்வரை ஓய்வு, திரும்பி வந்ததும் கொஞ்ச நாள் இலகுவான வேலை (வருகைப் பதிவு, தண்ணீர் கேட் பார்க்கிறது மாதிரி) என்பது இரக்கம் மட்டும் இல்லை, நல்ல நிதி மேலாண்மையும்கூட.

"அவர் குடிச்சிருந்தார், கையுறை போடலை" என்று வாதாடலாமா?

சின்னக் காயத்துக்கு இந்த வாதம் எடுபடலாம். குடிபோதை, வேணும்னே பாதுகாப்பு விதியை மீறியது போன்ற காரணங்களுக்கு விலக்கு இருக்கு. ஆனா மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. இது தெரியாம மரண வழக்கில் இந்த ஒரே வாதத்தை வச்சு வருஷக்கணக்கா நடத்துறதும், தோற்றதும் மதுரைக் கிளைக்கு அப்பீல் போறதும் வீண். அப்பீல் போகணும்னாலே வேலையளிப்பவர் தொகையை முதல்ல டெபாசிட் பண்ணிட்டு, அதுக்கான சான்றிதழோடதான் போகணும்.

இஎஸ்ஐ: பலர் கவனிக்காத பெரிய குடை

10 பேரோ அதுக்கு மேலேயோ ஆள் வச்சிருக்கும் காண்ட்ராக்டர் என்றால், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு இஎஸ்ஐ. 2019 ஜூலையில் இருந்து வேலையளிப்பவர் பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%. ரூ.15,000 சம்பளத்துக்கு வேலையளிப்பவர் கட்டுறது ரூ.487.50. 40 ஆட்களுக்கு வருஷத்துக்கு ரூ.2,34,000.

இதுக்குக் கிடைக்கிறது என்ன? வேலை விபத்தில் இறந்தா குடும்பத்துக்குச் சராசரி தினக் கூலியில் 90% அடிப்படையில் மாதாமாதம் சார்ந்தோர் பயன். மனைவிக்கு ஆயுள் முழுக்க, மறுமணம் ஆகும்வரை. வைத்தியமும் அங்கேயே. இஎஸ்ஐ-யில் வருபவர் அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் தனியா கேட்க முடியாது என்பதால், வேலையளிப்பவர் தலையில் அந்த 13 லட்சம் விழாது.

ஆனா காண்ட்ராக்டர் தொழிலாளிகிட்ட 0.75% பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா? முதன்மை வேலையளிப்பவரே அந்தத் தொகையைக் கட்டும் பொறுப்பில் இருக்கார். அதனாலதான் சலான் பார்க்காம பில் பாஸ் பண்ணாதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

பாதாளச் சாக்கடை: இது தனிக் கணக்கு

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாம மனிதரை மலக்குழிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அதையும் மீறி மரணம் நடந்தா, 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரூ.10 லட்சம்னு வச்சிருந்ததை, 2023 அக்டோபர் 20-ல் பல்ராம் சிங் வழக்கில் ரூ.30 லட்சமா உயர்த்திட்டாங்க. நிரந்தர ஊனத்துக்கு ரூ.20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. மற்ற ஊனத்துக்கு ரூ.10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அடைப்பு எடுக்கும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க "பட்ஜெட் இல்லை" என்று சொல்றவங்க, இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதி வச்சுக்கிட்டுச் சொல்லட்டும்.

வேலைக்கு வரும் வழியில் விபத்து

தூய்மைப் பணியாளர்கள் இருட்டோட கிளம்புறவங்க. பழனி ரோட்டிலோ நத்தம் ரோட்டிலோ விடியக்காலையில் லாரி இடிச்சா? 2025 ஜூலை 29-ல் தைவ்சாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும், வேலையோட தொடர்பு நிரூபிக்கப்பட்டா, வேலையின்போது நடந்ததாகவே கருதப்படும்னு சொன்னது. அந்த வழக்கு ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேனுக்கு 2003-ல் நடந்த விபத்து. தீர்ப்பு வந்தது 22 வருஷம் கழிச்சு. 12% தனி வட்டி 22 வருஷத்துக்கு ஓடினா 264%. டெபாசிட் பண்ணாம வாதாடுவதன் விலை எவ்வளவு தூரம் போகலாம்னு இதிலேயே தெரியும்.

புதிய சட்டத் தொகுப்பு வந்துடுச்சே?

ஆமா. 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துச்சு. 1923 சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அதுக்குள்ளே போயிடுச்சு. ஆனா எலும்புக்கூடு அதேதான்: சம்பளம் × காரணி, ஒரு மாதக் கெடு, தாமதத்துக்கு வட்டி (விகிதத்தை மத்திய அரசு விதிகள் மூலம் நிர்ணயிக்கும்), 50% வரை கூடுதல் தொகை. பயண விபத்தும் இப்போ சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கு. பொறுப்பு விபத்துத் தேதியில் பிறக்குது என்பதால், அந்தத் தேதிக்கு முந்தைய விபத்துகளுக்குப் பழைய சட்டத்தை வச்சுத்தான் பார்க்கணும்.

முதல் 30 நாள்: அலுவலகத்துக்கான செக்லிஸ்ட்

1. அன்றே: ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், சாட்சி எழுதுவது. வருகைப் பதிவேடு நகல் எடுத்து வைப்பது.
2. 3 நாளுக்குள்: வேலையளிப்பவர் செலவில் மருத்துவப் பரிசோதனை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல். காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ்.
3. 7 நாளுக்குள்: மரணம் அல்லது கடுமையான காயம் என்றால் ஆணையருக்கு அறிக்கை. வயசுச் சான்று, சம்பளச் சான்று சேகரிப்பது.
4. 15 நாளுக்குள்: காரணி போட்டு தொகையைக் கணக்கிட்டு, மன்றத் தலைவரின் முன் அனுமதியோ சிறப்புக் கூட்டமோ எது பொருந்துமோ அதன்படி ஒப்புதல்.
5. 30 நாளுக்குள்: டெபாசிட். தகராறு இருந்தாலும், ஒத்துக்கொள்ளும் அளவு தொகையை மட்டுமாவது கட்டிடணும்னு சட்டமே சொல்லுது. ரெண்டு மனைவி, வாரிசுச் சண்டை என்றாலும் கவலை இல்லை. யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது ஆணையர் வேலை. நீங்க கட்டிட்டா, கட்டின தொகைக்கு வட்டி மீட்டர் நின்னுடும்.

அக்கவுண்டன்ட் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: நிலுவையில் இருக்கும் கேஸ்களை ஆண்டுக் கணக்கில் தனிப் பட்டியலா வைங்க. தோற்க வாய்ப்பு அதிகம்னா ஒதுக்கீடு, இல்லைன்னா நேரக்கூடிய பொறுப்பு என்று குறிப்பு. கூடவே "இந்த வருடம் கூடின வட்டி" என்று ஒரு காலம் போடுங்க. அந்த ஒரு காலத்தை மன்றக் கூட்டத்தில் படிச்சாலே பாதி ஃபைல் நகர ஆரம்பிக்கும்.

குடும்பத்தினர் தெரிஞ்சுக்க வேண்டியது

- மனு போட ரெண்டு வருஷம் அவகாசம். ஆனா காத்திருக்காதீங்க. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையர் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகிட்ட மனு கொடுக்கணும்.
- அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லைன்னு பயப்படாதீங்க. பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் வந்த வரி, அடையாள அட்டை, கூட வேலை பார்த்தவங்க சாட்சி, வாட்ஸப் குரூப்பில் வந்த வேலை மெசேஜ் எல்லாம் உதவும்.
- இந்த இழப்பீட்டைக் கடன்காரர் யாரும் ஜப்தி பண்ண முடியாது. "பணம் வந்ததும் எனக்கு எழுதிக் கொடு" என்று யாராவது முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் அது செல்லாது.
- பேங்க் கணக்கில் வருஷம் ரூ.20 பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா இருந்ததான்னு பாருங்க. விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம், இழப்பீட்டுக்கு மேலே தனியா வரும்.

செலவைக் கட்டுப்படுத்துறதுன்னா தொழிலாளிக்குக் கொடுக்கிறதைக் குறைக்கிறதுன்னு பலர் நினைக்கிறாங்க. இந்தச் சட்டத்தில் அது நடக்காது. தொகையை வயசும் சம்பளமும் முடிவு பண்ணிடுது. உங்க கையில் இருக்கிறது தேதி மட்டும்தான். முதல் மாசத்தில் கட்டினா ரூ.13,81,275, புருஷனை இழந்த வீட்டில் பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரும். நாலு வருஷம் கழிச்சுக் கட்டினா ரூ.27 லட்சம் வரைக்கும் போகலாம்; அதுக்குள்ளே அந்தப் பிள்ளை படிப்பை விட்டு மில் வேலைக்குப் போயிருக்கும்.

உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "நம்ம ஊரில் நிலுவையில் இருக்கும் இழப்பீட்டு கேஸ் எத்தனை, அதுக்கு இதுவரை ஓடின வட்டி எவ்வளவு?" பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடலாம். காரணி வச்சுக் கணக்குப் போடுறது எப்படின்னு வீடியோவில் ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன், பாருங்க. இது தேவைப்படுற ஒரு காண்ட்ராக்டருக்கோ, ஒரு தூய்மைப் பணியாளர் குடும்பத்துக்கோ ஷேர் பண்ணுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.